ஞாயிறு சுட்ட கோழி, திங்கள் சூப்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லக்கூடாது. (சொல்லலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் வரும்.)

இன்று திங்கட்கிழமை. மதியம் மணி மூன்று பத்து. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோன் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. கை அதன் பக்கம் போகாமல் இருக்கத்தான் இந்த எழுத்து.

நடந்தது இவ்வளவுதான். என் அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரி. இன்று பன்னிரண்டரை மணிக்கு அங்கே முப்பத்தொரு பேர் அவள் செய்த கோழி சூப்பைக் குடித்தார்கள். அந்தக் கோழி நேற்று மதியம் சுட்டதில் மிஞ்சியது. இரவு முழுக்கக் கதவு மூடாத ஃப்ரிட்ஜில் இருந்தது. ஆனால் ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்தது என்று ஒரு தாள் சொல்கிறது. அந்தத் தாளை எழுதியவள் நான்.

இல்லத்துக்கு ஃபோன் போட்டு உண்மையைச் சொன்னால் நர்ஸ் எல்லாரையும் கவனித்துக்கொள்வார். அம்மாவின் வேலை போய்விடும். சொல்லாமல் விட்டால்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

தொடக்கம் எனக்கு எப்போதும் தகராறுதான். இதுவரை எழுதி அடித்தவை கீழே. மறைத்துவைக்க மனமில்லை.

முதல் தொடக்கம்: "பொன்னிறமாகச் சுட்ட கோழியின் தோலில் வெண்ணெய் மினுமினுக்க, ஓவனிலிருந்து எழுந்த மணம்"

நிறுத்து. இது விளம்பரம். அம்மா பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் எட்டுக் கோழி சுடுகிறாள். சூடாக இருக்கும்போது அந்தத் தோல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத மணத்தைப் பற்றி நான் ஏன் கதை விட வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்: "உழைத்து உழைத்துக் காய்த்துப்போன அந்தத் தாயின் கைகள்"

இதை அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை அறைக்குள் மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையப் பத்தி என்னடி எழுதுற? எனக்கு மொகம் இல்லையா?"

அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "இன்று இரண்டு மணிக்கு அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்."

இது உண்மை. இதை வைத்துக்கொள்வோம். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு உன் தாளு என்னைக் காப்பாத்திடுச்சு, தெரியுமா?"

"என்ன ஆச்சு?"

"நேத்து மிஞ்சின கோழியத் தட்டோட உள்ள தள்ளினேன்ல? தட்டோட காது இடிச்சுக் கதவு ஒரு வெரல் அளவு தெறந்தே கெடந்திருக்கு. காலைல போய்ப் பாத்தா பதிமூணு டிகிரி காட்டுது. சூப்பர்வைசர் சார் வந்து உன் தாளப் பாத்தாரு, எல்லாம் சரியா இருக்கு, போடுன்னுட்டாரு."

"போட்டியா?"

"போடாம? மத்தியானத்துக்கு வேற என்ன இருக்கு?"

சிரிப்பு முகத்தில் இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

3

இப்போது தாளைப் பற்றி.

ஏழு மாதத்துக்கு முன்பு அந்தச் சமையலறையில் ஒரு தாளைத் தொங்கவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்து எழுத வேண்டும்; ஐந்தைத் தாண்டக் கூடாது. மதியச் சாப்பாட்டைப் பரிமாறும் முன் அதில் ஒரு தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தி, சூட்டையும் எழுத வேண்டும். ஏழு நாளுக்கு இருபத்தெட்டுக் கட்டம்.

அம்மாவுக்கு எண்களைப் படிக்கத் தெரியும். எழுதத்தான் வராது. பேனாவைப் பிடித்தால் விரல்கள் விறைத்துக்கொள்ளும். முதல் வாரத் தாளை மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா இது, கோழி கிண்டின மாதிரி இருக்கு? கோழிய சமைக்கத்தான சொன்னோம், எழுத விட்டுட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாளாம். அதைச் சொல்லிக்காட்டும்போதும் சிரித்தாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு தாள் சாப்பாட்டுப் பையில் மடிந்து தினமும் வீட்டுக்கு வந்தது. அம்மா எண்களை மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்வாள், நான் எழுதுவேன். சாயங்கால எண்ணை மட்டும் வீட்டிலிருந்தபடியே குத்துமதிப்பாகச் சொல்வாள். அந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாம் வாரம் நான்தான் சொன்னேன், அம்மா இல்லை. இதை யாரும் மாற்றிப் படிக்க வேண்டாம்.

"தெனமும் நாலு, நாலரைன்னு எழுதிட்டு உக்கார முடியாது. வெள்ளிக்கெழம தாளக் கொண்டா. வர்ற வாரம் பூராத்துக்கும் ஒரேடியா எழுதித் தரேன்."

"நடக்காததை எப்படிடி எழுதுவ?"

"அந்த ஃப்ரிட்ஜு என்ன, தெனம் ஒரு புதுசா பண்ணப்போகுது?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது வரலாறு. முதல் வகுப்பிலேயே சொன்னார்கள்: ஓர் ஆவணம் கையில் கிடைத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால், யார் எழுதியது, எப்போது எழுதியது, எதற்காக எழுதியது என்று கேள். மூன்று வருடம் கேட்டுக் கேட்டுப் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தைப் பார்த்து ஒரு வேலையும் வரவில்லை. படிப்பு உருப்படியாக உதவிய ஒரே இடம் அந்த இருபத்தெட்டுக் கட்டங்கள்தான்.

பெருமையாகவே செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கட்டத்திலும் நாலு என்று போட்டால் எந்த மடையனும் கண்டுபிடித்துவிடுவான். அதனால் 3.8, 4.1, 4.4. காலைக்கு ஒரு பேனா, மாலைக்கு வேறு பேனா. ஒரு புதன்கிழமை 6.2 என்று போட்டு, பக்கத்தில் "கதவு சரியாக மூடவில்லை, மூடப்பட்டது" என்று ஒரு குறிப்பும் எழுதினேன். ஒருமுறை சூப்பில் விரலைத் தொட்டுத் தாளின் ஓரத்தில் ஒரு கறை வைத்தேன்.

"ஏண்டி அழுக்காக்குற?"

"அப்பதான் நம்புவாங்க."

அந்தப் புதன்கிழமைக் குறிப்பைப் படித்துவிட்டு மேற்பார்வையாளர் அம்மாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். இவ்வளவு கவனமாகப் பார்க்கிறீர்களே என்றார். நான் எழுதிய எதையும் அதற்கு முன் யாரும் பாராட்டியதில்லை. என் முதல் வாசகர் அவர். என் முதல் கதை அது.

(இப்போது எழுதுவதும் வரும் வாரங்களுக்காக அம்மா கொண்டுவந்து வைத்த காலித் தாள்களின் பின்பக்கத்தில்தான். வீட்டில் வேறு வெள்ளைத் தாள் இல்லை.)

(அப்பா எங்கே என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கதையில் இல்லை. வீட்டிலும் இல்லை.)

நேற்று சாயங்காலம் என்ன நடந்திருக்கும் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். மாலை வேலைக்கு வருகிறவர் தாளைப் பார்த்திருப்பார். ஞாயிறு மாலைக் கட்டத்தில் 4.1 என்று ஏற்கெனவே இருந்திருக்கும். எழுதியாகிவிட்டதை எதற்குத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று போயிருப்பார். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் ஃப்ரிட்ஜ் வரை நடந்திருப்பார். கதவைக் கண்டிருப்பார். இடுப்பால் ஒரு இடி இடித்து மூடியிருப்பார்.

4

எனக்குச் சந்தேகம் வரும் பாத்திரம் மேற்பார்வையாளர்தான். சமையலறையில் அவருக்கு "டிக் சார்" என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவாராம்.

இவரை வில்லனாக்கிவிட்டால் என் வேலை சுலபம். தொப்பை கொடுக்கலாம், வெற்றுச் சிரிப்பு கொடுக்கலாம். உண்மையில் அவர் ஒல்லி. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் லீவு கொடுத்தவர். அதனால் எரிச்சலாக இருக்கிறது.

இன்று காலை ஆறரைக்கு அவர்களுக்குள் நடந்த பேச்சு, அம்மா சொன்னபடி:

"சார், கோழி ஒரு மாதிரி வாசன வருது. கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியல. ஆனா ஒரு மாதிரி."

"பேப்பர்ல என்ன இருக்கு?"

"ஃப்ரிட்ஜு பதிமூணு காட்டுது சார்."

"நேத்து சாயங்காலம் நாலு புள்ளி ஒண்ணு. இன்னிக்குக் காலைல மூணு புள்ளி ஒம்பது. நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க? இப்ப கதவத் தெறந்திருப்பீங்க, அதான் ஏறிடுச்சு. போடுங்க."

அம்மா என்ன சொல்ல முடியும்? நான் எழுதவில்லை சார், என் மகள் வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டாள் என்றா?

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. அந்தத் தாளில் இன்றைய சூப்பின் சூடும் இருந்தது. 82 என்று போட்டிருந்தேன். பன்னிரண்டரை மணிச் சூப்பின் சூடு ஆறரை மணிக்கே தாளில் இருந்திருக்கிறது. அடுப்பே பற்றவைக்கவில்லை. அதைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்க்கவில்லை என்றால் முட்டாள். பார்த்துவிட்டும் போடச் சொன்னார் என்றால், ஏழு மாதமாகவே அவருக்குத் தெரியும்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கடைசியில் கோழியைப் பானையில் போடுவது அம்மாதான். அதனால் அவரை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவருடைய கோழை மனசைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்து, என்னுடையது குறுக்கே வந்து

5

சூப்பை எழுதாமல் இந்தக் கதை இல்லை. நான் அங்கே இருந்ததில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், இருந்து பார்க்காததை எழுதுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

"எலும்பிலிருந்து கறியை உருவி எடுத்துத் தனியாக வைத்தாள். எலும்புகளைப் பெரிய பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, கேரட்டைப் போட்டு"

"கேரட்டா?" அம்மா துணிக் குவியலோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "கேரட்ட எவடி மொதல்லயே போடுவா? கொழஞ்சு போகும். வெங்காயம், மெளகு, ஒரு பிரிஞ்சி இலை. அவ்ளோதான். ரெண்டு மணி நேரம் சின்னத் தீ."

"சரி. அப்புறம்?"

"இன்னொரு பானைல வெண்ணெய். பொடியா நறுக்கின வெங்காயம். செவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகணும். அப்ப மைதாவத் தூவிக் கிளறணும். பச்ச வாசன போனதும் எலும்புத் தண்ணிய வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். மொத்தமா கவுத்தா கட்டி தட்டிடும். எழுதுறியா?"

"எழுதுறேன்."

"உருளக்கெழங்கு, அப்புறம் உன் கேரட்டு. வெந்ததும் பாலு. கடைசில கறியும் க்ரீமும். க்ரீம் போட்டப்புறம் கொதிக்க விட்டா திரிஞ்சிடும்."

நான் பேனாவை வைத்தேன்.

"கறி கடைசிலயா போட்ட?"

"எப்பவும் கடைசிலதான். இல்லாட்டி நாராப் போயிடும்."

"அப்ப கறி கொதிக்கவே இல்ல."

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"இன்னிக்கு மட்டும் மொதல்லயே போட்டேன். எலும்போட சேத்து. கொதிகொதின்னு கொதிக்க விட்டேன். எந்தப் பூச்சி உசுரோட இருக்கும்?"

(கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன் விட்டுப்போகும் விஷம் கொதித்தாலும் போகாது. இதை மூன்று மணிக்குப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் தெரியுமாம், சிலருக்கு மறுநாள். எதுவுமே ஆகாமலும் போகலாமாம். இந்தக் கடைசி வரியை ஒன்பது முறை படித்தேன்.)

"தபால்காரருக்கு?" என்று கேட்டேன்.

தபால்காரர் என்பவர் இல்லத்தில் இருப்பவர். அந்தக் காலத்தில் சைக்கிளில் தபால் கொடுத்தவர். பக்கவாதம் வந்த பிறகு பேச்சில்லை. மென்று விழுங்க முடியாது. க்ரீம் சூப் ஒன்றுதான் அவருக்கு இறங்கும். பிடித்திருந்தால் கரண்டியால் கிண்ணத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அம்மா அதை வீட்டில் வந்து செய்துகாட்டுவாள்.

"அவருக்குத் தனியா ரெண்டு தடவ வடிகட்டி எடுத்தேன். நார் இருந்தா பொரை ஏறும்."

"தட்டினாரா?"

"தட்டினாரு."

6

மணி நான்கு. முடிவுகளைப் பார்ப்போம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தொரு பேரும் தூங்கி எழுந்து டீ குடித்தார்கள். வெள்ளிக்கிழமை அடுத்த தாளை எடுத்தேன். நான் நிரப்பினேன். (இதுதான் எனக்கு வேண்டிய முடிவு. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் உடம்பு கூசுகிறது.)

முடிவு ஆ: ஏழு பேருக்கு வாந்தி. விசாரணை வந்தது. தாளைக் கேட்டார்கள். தாள் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நம்பும்படியாக, ஓரத்தில் கறையோடு இருந்தது. சமையலறைமேல் தப்பே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அம்மா தப்பித்தாள். தபால்காரர்

முடிவு இ: "அம்மா, எதுக்கும் நீ அந்த சூப்பத் தொடல இல்ல?"

இது முடிவுக்கான வரி இல்லை. இப்போது அவளிடம் உரக்கக் கேட்டது. கை அதையும் எழுதிவிட்டது.

"குடிச்சேனே," என்றாள். "பதினொன்னே முக்காலுக்கு. ஒரு பெரிய கிண்ணம்."

"ஏம்மா?"

"பின்ன எப்படிப் பாக்கறது? உன் கம்பியக் குத்தியா? குடிச்சிட்டு அரை மணி நேரம் ஸ்டூல் போட்டு உக்காந்தேன். வயிறு என்ன சொல்லுதுன்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல. அப்புறம்தான் வண்டிய உள்ள அனுப்பினேன்."

"அரை மணி நேரத்துல தெரியாதும்மா."

"அதுக்கு மேல எவ எனக்கு டைம் குடுப்பா? பன்னெண்டரைக்கு மணி அடிச்சிடுவாங்கல்ல?"

பதினோரு வருடச் சமையல்காரி. தாளை நம்பவில்லை, டிக் சாரை நம்பவில்லை. தன் வயிற்றைக் கருவியாக்கி அளந்து பார்த்திருக்கிறாள். இன்று அந்தச் சமையலறையில் யாராவது நிஜமாக எதையாவது பார்த்தார்கள் என்றால் அது இதுதான். எந்தக் கட்டத்திலும் அது ஏறவில்லை.

மணி நாலே கால். அம்மா குளியலறைக்குள் போனாள்.

நாலு இருபது. குழாய் திறந்திருக்கிறது. துணி எல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்தாகிவிட்டது. எதற்குத் தண்ணீர்?

நாலு இருபத்தாறு. கதவைத் தட்டினேன்.

"அம்மா."

"வரேன்டி. நிம்மதியா மூஞ்சி கழுவ விடமாட்டியா?"

"வாந்தியா?"

குழாய்ச் சத்தம் இன்னும் கொஞ்சம் பெரிதானது. அவளே திருகிப் பெரிதாக்கியிருக்க வேண்டும்.

7

வெளியே வந்தாள். முகம் ஈரம். நெற்றியில் இருந்தது தண்ணீரா வேர்வையா என்று எழுத மாட்டேன், எனக்குத் தெரியவில்லை.

நான் ஃபோனை எடுத்தேன்.

"வெய்யி கீழ," என்றாள்.

"சொல்லணும்மா."

"என்னன்னு சொல்லுவ? என் பொண்ணு பொய்யா எழுதினா, நான் தொங்கவிட்டேன்னா? பதினோரு வருஷம்டி. நாளைக்கு எவ என்னை அடுப்புப் பக்கம் விடுவா? நீ வேலைக்குப் போறியா? போய் ஒரு எடத்துல உக்காந்து காட்டு, அப்புறம் ஃபோன் போடு."

வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னாள். நானும் ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. மகள் அம்மாவிடம் சொல்லக்கூடாதது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வைத்ததை நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். என் முன்னால் இருந்த தாள்களைப் பார்த்தாள். பின்பக்கம் என் எழுத்து. திருப்பினால் காலிக் கட்டங்கள்.

"முடிச்சிட்டியா?"

"மூணு முடிவு எழுதிப் பாத்தேன். ஒண்ணும் சரியா வரல."

"எப்படி வரும்? இன்னும் நடக்கலியே."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடும் சத்தம். பிறகு, விரலால் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். எனக்குக் காட்டுவதற்காகத் தட்டவில்லை.

"தபால்காரர மொதல்ல பாக்கச் சொல்லு," என்றாள். "மத்தவங்க கத்துவாங்க. அவரால கூப்பிட முடியாது."

மூன்று முடிவுகளையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். நான்காவது ஒன்று எழுத மாட்டேன். நடப்பதற்கு முன் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

மணி நாலு நாற்பத்தொன்று. இடது காதில் ஃபோன், வலது கையில் பேனா. அங்கே மணி அடிக்கிறது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் கை ஜில்லென்று இருக்கிறது, அதனால் எழுத்து கோணுகிறது. கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துவிட்டார்கள். நர்ஸ்தான்.

"சொல்லுங்க, யாரு?"

கீழே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அவசரமாக இருந்தால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

[                    ]